கடைமடைக்கு நாற்பது குழாய்

நான் குழாய்க் கிடங்கில் கணக்கு எழுதியவன்.
எலுபே கமோத்தோவின் இரங்கல் கூட்டத்தில்
ஐந்து நிமிடம் பேசச் சொன்னார்கள். பேசினேன்.
இது அங்கே சொல்லாதது.

ஜூன் மாதம் முலாஞ்சே மலையிலிருந்து
சிப்பெரோனி இறங்கும்.
மழை என்றும் சொல்ல முடியாது, பனி என்றும் சொல்ல முடியாது,
சட்டைக்குள் புகுந்து எலும்பை எண்ணும்.
அந்தக் குளிரில் வந்து சேர்ந்தாள்.
ஆண்கள் போடும் காலணி, இரண்டு அளவு பெரிது,
நுனியில் சோளச் சருகு அடைத்திருந்தது.
தோளில் முடிச்சு முடிச்சாக ஒரு சணல் கயிறு.
வேலை உத்தரவில் சமூக அபிவிருத்தி உதவியாளர்.
ஊருக்குக் கயிற்றுக்காரி.

முதல் கூட்டத்தில் போட்டிருந்த நாற்காலியை விட்டுவிட்டு
பின்வரிசைப் பெண்களோடு தரையில் உட்கார்ந்தாள்.
தலைவர் தொண்டையைச் செருமினார். ஆடு கத்தியது.
வெகுநேரம் கழித்து ஒரே ஒரு கேள்வி:
"ஊற்றுக்கு முதலில் போவது யார்?"
ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி கை தூக்கினாள்.
"எத்தனை மணிக்கு?"
"கழுதைப்புலி வீடு திரும்புகிறபோது."
அறிக்கையில் அப்படியே எழுதினாள்.
தட்டச்சு செய்தது நான்.
நேரத்தைக் குறிப்பிடவும் என்று
மேலிடத்திலிருந்து சிவப்பு மையில் திரும்பி வந்தது.
திருத்தவில்லை, மறுபடி அனுப்பினாள்.

மலை ஓடையிலிருந்து பதினேழு மைல்.
இயந்திரம் கிடையாது, கூலியும் கிடையாது.
வீட்டுக்குப் பன்னிரண்டு முடிச்சு நீளம்,
ஆள் இடுப்பு ஆழம் தோண்ட வேண்டும்.
விதவைக்கும் பன்னிரண்டு, போதகருக்கும் பன்னிரண்டு.
சிதெம்பெரே தலைவர் சொன்னார்:
"என் பாட்டனார் மண்ணை ஆண்டவர், வெட்டியவர் அல்ல."
அவள் தலையாட்டினாள்,
அவர் பங்கில் ஒரு மண்வெட்டியைச் சாய்த்துவைத்துப் போய்விட்டாள்.

இருபக்கமும் வாய்க்கால் வந்து நின்றது,
நடுவே பன்னிரண்டு முடிச்சு மண், பல்லில் சிக்கிய எலும்பு போல.
ஐந்து நாள் ஒருவரும் தொடவில்லை.
ஆறாம் நாள் இருட்டில் மண்வெட்டிச் சத்தம் கேட்டது.
விடிந்ததும் ஊரே
ஒன்றும் தெரியாத முகத்தோடு நடந்தது.
அவளும்தான்.

திறப்பு விழாவுக்கு அமைச்சர் வந்தார், வாத்தியம் வந்தது,
தண்ணீர் வரவில்லை.
கார்கள் புழுதி கிளப்பிப் போன அரைமணியில்
குழாய் இருமியது, காற்றைத் துப்பியது,
பிறகு செம்மண் நிறத்தில் ஒரு கொட்டு.
அவள் அப்போது ஏழு மைல் மேலே
காற்று வால்வின் அருகே மண்டியிட்டிருந்தாள்.
கல்வெட்டில் அமைச்சர் பெயர் இருக்கிறது.
எழுத்துப்பிழையோடு.

இனி என் கணக்கு.
பதினாறு ஊருக்கும் தண்ணீர் போயிற்று.
பதினேழாவது நக்கும்பா, கடைமடை.
நாற்பது குழாய் குறைந்தது.
லாரியில் உடைந்தவை என்று ஏட்டில் எழுதினேன்.
உடையவில்லை.
மாவட்ட அதிகாரியின் புகையிலைத் தோட்டத்தில்
அவை ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தன.
எனக்கு ஒரு சைக்கிள் கிடைத்தது.

மாதாமாதம் அவள் அறிக்கையின் கடைசி வரி:
"நக்கும்பாவுக்கு நாற்பது குழாய் வேண்டும்."
பத்தொன்பது ஆண்டு.
பென்ஷன் வாங்கியபின் நக்கும்பாவிலேயே வீடு கட்டினாள்.
அங்கே அவளுக்குச் சொந்தம் யாரும் இல்லை.
வாளியோடு இரண்டு மைல் நடந்தாள்.
கடிதங்கள் அந்த முகவரியிலிருந்து வரத் தொடங்கின.
"பரிசீலனையில் உள்ளது" என்று பதில் போட்டேன்,
அதே தட்டச்சுப் பொறியில், 'ப' விழாத பொறி,
பேனாவால் நிரப்ப வேண்டும்.

அடக்கத்துக்குப் போனபோது
அவளுடைய நோட்டை என்னிடம் தந்தார்கள்,
அலுவலகக் காகிதம்தானே என்று.
உடைப்புக் கணக்கு எழுதிய அதே தேதியில்
அவள் கையெழுத்து:
லாரியைப் பார்த்தேன். சில்லு ஒன்றுகூட இல்லை.
மக்கினா, நாற்பது. நிலுவை.

எல்லாம் தெரிந்தே
வரும்போதெல்லாம் என் மகனின் காசநோயை விசாரித்தாள்.
ஒருமுறை நிலக்கடலை கொண்டுவந்தாள்.

கூட்டத்தில் அந்தக் காலணியைப் பற்றிச் சொன்னேன்.
சோளச் சருகைப் பற்றியும்.
எல்லோரும் சிரித்தார்கள்.
நக்கும்பாவிலிருந்து வந்த பெண்கள்
சீக்கிரம் கிளம்பிவிட்டார்கள்,
இருட்டுவதற்குள் தண்ணீர் எடுக்க வேண்டும்.